வரிசையில் நின்ற பதினேழு பேர்

புதுச்சத்திரம்
8.9.2024

அம்மணி தனப்பிரியா,

இனிமே உங்ககூடப் பேசவே மாட்டேன்னு கத்திட்டுப் போனை வெச்சே. ஆகஸ்ட்டு இருவத்தி மூணாந் தேதி, வெள்ளிக்கிழமை, காத்தால ஏழே முக்கால். கோழிக்குத் தண்ணி திறந்து உட்டுட்டு அப்பத்தான் வந்து உக்கார்ந்தேன். பேச மாட்டேன்னு சொன்னே. படிக்க மாட்டேன்னு சொல்லலே. அதனால எழுதறேன். நான் படிச்சது மூணாங்கிளாசு. எழுத்து கோணலா இருந்தா நீயும் கழுத்தைக் கோணிக்கிட்டுப் படி.

நான் செஞ்ச குத்தம் என்ன? நாமக்கல்லுல இருந்து ரெண்டு யூடியூப் பசங்க வந்தாங்க. "பாட்டி, உங்க பேத்தி ஜப்பான்ல மேடையில ஆடிப் பாடறாங்களாமே"ன்னாங்க. ஆமான்னேன். நாலு தேர்வுல தோத்து அஞ்சாவதுல ஜெயிச்சவ, முட்டிக்கால் சவ்வு கிழிஞ்சும் ஆறு மாசத்துல எந்திரிச்சு ஆடினவன்னு சொன்னேன். கல்யாணம் எப்போன்னு ஒருத்தன் கேட்டான். எம் மகன் மோகன்குமாருக்கு ஒரு பையன் இருக்கறான், மணிமாறன்னு பேரு, அவளுக்கு முறைப்பையன், மாமன் ஊட்டை உட்டு வெளியில தர மாட்டோம்னு சொன்னேன். எந்த ஊட்டுல இதைச் சொல்லாம இருக்கறாங்க? நீ தொட்டில்ல கெடக்கறப்பவே சொன்னதுதான்.

அப்பறம் போட்டோவைக் காட்டினேன். நீ பெரிய மனுசியான வருசம் லீவுக்கு வந்திருந்தப்ப மாமன் சீரு வெச்சமே, அது. நீ பச்சைப் பட்டும் மாலையுமா நிக்கற. பக்கத்துல மணிமாறன் சீர்த்தட்டத்தோட நிக்கறான். அவன் கழுத்துலயும் ஒரு மாலை. அதைச் சிரிப்புக்குப் போட்டு உட்டது உங்கப்பன் சந்திரசேகரு. நான் போடலே. அதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோ.

இதுக்கு எதுக்கு உன் வேலை போகணும்? புரியற மாதிரி எழுது. திட்டறதுன்னாலும் எழுத்துல திட்டு.

அம்மாயி
அத்தாயி


நாகோயா
27.9.2024

அம்மாயிக்கு,

உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். கோபம் குறையலை. ஆனா பதில் எழுதாம இருக்க முடியலை. அப்பா அம்மாவோட இங்கே வர்றதுக்கு முன்னாடி நாலாம் வகுப்பு வரைக்கும் அங்கே படிச்ச தமிழ்தான், தப்பு இருந்தாப் பொறுத்துக்கோங்க. போன் என்கிட்ட இல்லைங்க. தண்டனைக் காலத்துல ஆபீசில வாங்கி வெச்சுட்டாங்க.

புரியற மாதிரி எழுதச் சொன்னீங்க. எங்க குழுவில பதினொரு பேர். பாட்டுக்கு வர்றவங்க பாட்டை மட்டும் கேட்க வர்றதில்லை. ஒவ்வொருத்தரும் எங்கள்ல ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, அவ கடைசி வரிசையில இருந்து முன்னாடி வர்ற வரைக்கும் கூடவே வருவாங்க. ஒவ்வொருத்திக்கும் ஒரு நிற விளக்கு. எனக்குப் பச்சை. பாட்டு நடுவில ஒரு இடைவெளி வரும். அப்போ விளக்கைத் தூக்கிப் பிடிச்சு எங்க பேரைக் கத்துவாங்க. நிகழ்ச்சி முடிஞ்சு வரிசையில வந்து கை குலுக்குவாங்க. ஆளுக்குச் சில நொடிதான். அதுக்காக ராத்திரி பஸ் ஏறி வர்றவங்க இருக்காங்க.

இதுக்கெல்லாம் ஒரே ஒரு விதி. எங்களுக்குக் காதலன் இருக்கக் கூடாது. அது நியாயமான்னு கேக்காதீங்க. பத்தொன்பது வயசுல கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் பாட்டுல எனக்கு நடு இடம் கொடுத்திருந்தாங்க அம்மாயி. ஐந்து வருஷம் கழிச்சு. நம்ம நிறத்துல ஒருத்தி நடுவில நிக்கிறது எங்க குழுவில முதல் தடவை. ஒரு வாரத்துல உங்க வீடியோவுக்கு யாரோ ஜப்பானிய மொழியில கீழே எழுத்து ஓட விட்டுட்டாங்க. பட்டு, மாலை, பக்கத்துல மாலையோட ஒரு பையன். இவளுக்கு எப்பவோ நிச்சயம் ஆயிடுச்சு, எங்களை ஏமாத்தினான்னு நம்பிட்டாங்க. அடுத்த மேடையில என் இடைவெளி வந்தப்போ அந்த ஹாலே அமைதியா இருந்தது. ஒரு பச்சை விளக்குகூட இல்லை. அந்த நாலு நொடியை நீங்க கேட்டிருக்கணும்.

இப்போ நடு இடம் வேற பொண்ணுக்கு. நான் வாசல்ல நின்னு டீ-சர்ட் விக்கிறேன். திரும்ப மேடை ஏற ஆபீசில ஒரு வழி சொல்லியிருக்காங்க. அதை இங்கே எழுத எனக்கு மனசு வரலை.

தனப்பிரியா


புதுச்சத்திரம்
14.10.2024

தனப்பிரியாவுக்கு,

நீ எழுத மனசு வராத வழி எதுன்னு ஊரே பாத்துருச்சு.

பக்கத்து ஊட்டுச் சென்னம்மாள்தான் போனைத் தூக்கிட்டு ஓடி வந்தா. ஏதுக்கு ஓடி வராம இருப்பா, ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எம்பத்தொம்பதுல எங்கூட்டுக் கெணத்துத் தண்ணிக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனவ. நீ கறுப்புத் துணி போட்டுட்டு நிக்கற. தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் காயிதத்தைப் பாத்துப் படிக்கற. "என் பாட்டி வயதானவர். ஞாபகம் தப்பியவர். அவர் சொன்னது எதுவும் உண்மை இல்லை." கீழ தமிழ்ல எழுத்து ஓடுது.

அன்னையில இருந்து ஒறம்பரைச் சனம் வந்து குமியுது. ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு ஆர்லிக்ஸ் பாட்டலு. குனிஞ்சு மூஞ்சிகிட்ட வந்து, "ஆத்தா, நான் யாருன்னு தெரியுதுங்களா?"ன்னு கேக்கறானுங்க. பரமத்தி வேலூரு சின்னண்ணன் கேட்டான். "தெரியாம என்ன? தொண்ணூத்தி எட்டு மாசி மாசம் எங்கூட்டுக் கெடாவெட்டுல ரெண்டாம் பந்தியில ஈரல் வெக்கலேன்னு எலையை மடிச்சு வீசிட்டுப் போனவன்தானே நீ"ன்னேன். பழத்தை வெச்சுட்டுப் போயிட்டான். "நல்லாத்தான் இருக்குது"ன்னு வாசல்ல போயிச் சொல்றான்.

எனக்கு ஞாபகம் தப்பிருச்சா? நீ மொதல்ல மேடை ஏறினது எது தெரியுமா? ரெண்டாயிரத்தி பத்து, மார்ச்சு பன்னெண்டு, பள்ளிக்கொடத்து ஆண்டு விழா. மஞ்சப் பாவாடை. ரெண்டாவது வரியில கால் தடுக்கி உழுந்தே. பாட்டு நிக்கலே. நீ கீழ உக்கார்ந்துக்கிட்டே கையை ஆட்டி ஆடினே. தலைமை வாத்தியாரு சிரிச்சாரு. அந்தாளோட இன்னைக்கும் நான் பேசறதில்லே.

என்னோட ஒடம்புல தெம்பு போச்சு, பல்லு போச்சு, உங்க அப்புச்சி போனாரு. மிச்சம் இருந்தது ஒண்ணுதான். அதை எடுத்து நீ வித்துட்டே.

இதை மறக்க மாட்டேன்.

ஞாபகம் தப்பிய
அத்தாயி


நாகோயா
5.11.2024

அம்மாயி,

படிச்சேங்க. தப்பு என்னோடது. ஆபீசில எழுதிக் கொடுத்தாங்கன்னு சொல்லலாம். வாய் என்னோடதுதானே. மேடைக்குத் திரும்பணும்ங்கிற ஆசையில படிச்சேன். படிக்கும்போதே அந்த மஞ்சப் பாவாடை ஞாபகம் வந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை.

வித்ததுக்கு என்ன கிடைச்சதுன்னும் சொல்லிடறேன். கடைசி வரிசையில, இடது ஓரத்துல ஒரு இடம். ஒலிபெருக்கிக்குப் பின்னாடி. என் இடைவெளியைப் பாட்டுல இருந்தே எடுத்துட்டாங்க.

போன ஞாயிறு கை குலுக்கற நிகழ்ச்சி. மத்தவங்க முன்னாடி நானூறு, ஐந்நூறு பேர் வரிசை. என் மேசை முன்னாடி பதினேழு பேர் நின்னாங்க. போன வருஷம் இதே இடத்துல அறுநூறு. உதவிக்கு நிக்கிற அக்கா என்னைப் பார்க்காம சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஆளுக்குச் சில நொடிதான் விதி. ஆனா அவசரப்படுத்தப் பின்னாடி ஆளே இல்லாததால நிறைய நேரம் பேசினேன். எல்லாரும் பேர் சொன்னாங்க. யாராவது ஒருத்தருக்கு இதைச் சொல்லியே ஆகணும், அதனால எழுதறேன்: ஒகாபே, நிஷியாமா, குரோதா, மசுதா, இவாஸே, ஹிரானோ, தகேயி, உயேதா, சுகிமோதோ, கனெகோ, மொரிஷிதா, எந்தோ, ஷிபாதா, யோஷினாகா, அராய், கொமாட்சு, நகானே.

ஒகாபே ஐயாவுக்கு எழுபத்தோரு வயசு. பஸ் ஓட்டிட்டு ஓய்வு பெற்றவர். "உன் பாட்டிக்கு இப்போ உடம்பு எப்படி இருக்கு?"ன்னு கேட்டார். நிஜமாவே கவலைப்பட்டுக் கேட்டார் அம்மாயி. நான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்.

அப்போதான் முடிவு பண்ணினேன். டிசம்பர் எட்டாம் தேதி வருஷக் கடைசி நிகழ்ச்சி. அதில ஒவ்வொருத்திக்கும் ஒரு நிமிஷம் பேசக் கொடுப்பாங்க. நான் சொன்னதைத் திருப்பி வாங்கப் போறேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேக்கலைங்க.

தனப்பிரியா


புதுச்சத்திரம்
24.11.2024

அம்மணி,

மன்னிச்சுட்டேன்னு எழுத மாட்டேன். எழுதினா அது பொய்யி.

ஆனா எட்டாந் தேதி நீ ஒண்ணும் பேச வேண்டாம். ஓரமோ ஒலிபெருக்கிக்குப் பின்னாலயோ, நிக்கறதுக்கு ஒரு இடம் இருக்குதில்ல. நின்னுக்கோ. அதையும் கெடுத்துக்காதே. அஞ்சு வருசம் ஆடின காலு.

இங்க ஒண்ணு நடந்துச்சு. மணிமாறன் முட்டை லோடு ஏத்திட்டு வந்து எங்கிட்ட உக்கார்ந்தான். "அப்பாயி, என்னைய அவளுக்குன்னு சொன்னீங்களே, அவளைக் கேட்டீங்களா?"ன்னான். "அதென்ன கேக்கறது"ன்னேன். "சரி, என்னையாவது கேட்டீங்களா?"ன்னான். அப்பறம் சொல்றான், ராசிபுரத்துல அறிவுச்செல்வின்னு ஒரு புள்ளையாம், கோழிக்கு வைத்தியம் பாக்கற டாக்டராம், நம்ம பண்ணைக்கு ஊசி போட வர்றவளாம், ரெண்டு வருசமாப் பேசிட்டு இருக்கறாங்களாம். அந்தப் புள்ளைக்கு நான் எத்தனை தடவை மோர் குடுத்திருக்கறேன்! ஒரு வார்த்தை சொன்னாளா? அவளையும் மறக்க மாட்டேன்.

ராத்திரி சோறு எறங்கலே. உங்க ரெண்டு பேரையும் கேக்காம உங்க ரெண்டு பேரையும் நாந்தான் குடுத்திருக்கறேன். எங்கப்பனும் என்னைக் கேக்கலே. பதினாறு வயசுல கொண்டாந்து இந்த ஊட்டுல உட்டுட்டுப் போனாரு. அதுக்கு இன்னை வரைக்கும் அவரு மேல எனக்குக் கோவம் இருக்குது. அந்தக் கோவத்தைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவ அதையே உனக்குச் செஞ்சிருக்கறேன்.

அந்தப் பதினேழு பேரையும் படிச்சேன். கூண்டு வரிசைக்கு ஒரு பேரு வெச்சிருக்கறேன். காத்தால முட்டை எடுக்கறப்போ மொத வரிசையில ஒகாபே, அடுத்ததுல நிஷியாமா. எட்டாவது வரிசைதான் வாயில நிக்க மாட்டேங்குது. பழக்கிக்குவேன்.

யூடியூப் பசங்களை வரச் சொல்லியிருக்கறேன். நீ சும்மா இரு. நான் பாத்துக்கறேன்.

அம்மாயி


நாகோயா
22.12.2024

அம்மாயி,

உங்க லெட்டர் பத்தாம் தேதிதான் வந்தது. நான் எட்டாம் தேதியே பேசிட்டேன்.

என்ன பேசினேன்னு எழுதறேன். "அக்டோபர்ல நான் இங்கே நின்னு பொய் சொன்னேன். என் பாட்டிக்கு ஞாபகம் தப்பலை. இந்த ஹால்ல இருக்கிற எல்லாரையும்விட அவங்களுக்கு ஞாபகம் அதிகம். அந்தப் போட்டோ எங்க ஊர்ச் சீர். எங்க ஊர்ல மாமன் வீட்டுக்காரங்க பொண்ணை உரிமையாக் கேப்பாங்க. நான் யாருக்கும் சம்மதம் சொல்லலை. சொல்ல வேண்டிய நாள் வந்தா நானே சொல்வேன், ஆபீசும் சொல்ல வேண்டாம், பாட்டியும் சொல்ல வேண்டாம்." பேசி முடிக்கறதுக்குள்ளே மைக்கை அணைச்சுட்டாங்க. கடைசி வரியை வெறுங்குரல்ல சொன்னேன்.

மறுநாள் காலையில ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. என் பெட்டியையும் போனையும் கொடுத்தாங்க. குழுவில என் பேர் இல்லை. வெளியே வந்து ரெண்டு ஸ்டேஷன் நடந்தேன். அழலை. அழுதா நடக்க முடியாதுன்னு தோணிச்சு.

பன்னிரண்டாம் தேதி உங்க வீடியோ வந்தது.

கோழிக் கூண்டு முன்னாடி ஸ்டூல்ல உக்கார்ந்திருக்கீங்க. "நான் அத்தாயி. போன தடவை பேசினது நாந்தான், நல்ல ஞாபகத்தோடதான் பேசினேன், பேசினது தப்பு. அவளைக் கேக்காமச் சொன்னேன்"ன்னு சொல்றீங்க. அப்புறம் கையில காகிதம் இல்லாம, "எம் பேத்திக்கு யாருமே இல்லாதப்போ வரிசையில வந்து நின்னவங்க"ன்னு ஆரம்பிச்சுப் பதினேழு பேரையும் சொல்றீங்க. எட்டாவதுல நின்னீங்க. கண்ணை மூடினீங்க. ஒரு கோழி கத்திச்சு. "உயேதா"ன்னீங்க. கடைசி வரைக்கும் ஒருத்தர்கூட விடலை. "நீங்க நல்லா இருக்கோணும் சாமி"ன்னு கும்பிட்டீங்க.

அம்மாயி, உயேதா முப்பது வயசு ஆள், கொரியர் கம்பெனியில மூட்டை தூக்கறவர். எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். "என் பேரை ஞாபகப்படுத்திக்க ஒருத்தர் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை"ன்னு. அந்த வீடியோவை இங்கே லட்சக்கணக்கானவங்க பார்த்துட்டாங்க. என்னைத் திட்டினவங்க நிறையப் பேர் இன்னும் திட்டறாங்க. சிலர் மட்டும் எங்கே பாடப் போறேன்னு கேக்கறாங்க.

பாடத்தான் போறேன். குழு இல்லாம, தனியா. மார்ச் ரெண்டாம் தேதிக்கு ஒரு சின்ன ஹால் பிடிச்சிருக்கேன். இருநூறு பேர் நிக்கலாம். சுவரொட்டி நானே ஒட்டறேன். தினமும் ஆத்தங்கரையில ஆடிப் பழகறேன், முட்டி வலிச்சா உக்கார்ந்து கையை மட்டும் ஆடறேன். எங்கே கத்துக்கிட்டேன்னு உங்களுக்குத் தெரியும்.

போன் திரும்ப வந்துடுச்சு. ஆனாலும் லெட்டரே எழுதறேங்க. போன்ல நாம சண்டைதான் போடறோம்.

தனப்பிரியா


புதுச்சத்திரம்
19.1.2025

அம்மணி,

சும்மா இருன்னு எழுதினேன், கேக்காம பேசிட்டே. நல்லவேளை தபால்காரன் மெதுவா வந்தான்.

அந்த வீடியோவுக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பேரு சொல்றது சுளுவு. "தப்பு"ன்னு ஒரு வார்த்தை வாயில வர மூணு தடவை எடுத்தாங்க. எழுவத்தாறு வயசுல மொத தடவை சொல்லியிருக்கறேன். சென்னம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. முடிஞ்சதும், "ஏனக்கா, அப்ப அந்தக் கெணத்து விசயம்?"னு கேக்கறா. "அது உந்தப்புதான்"னு சொல்லிட்டேன்.

பொங்கலுக்கு அறிவுச்செல்வி வந்திருந்தா. மோர் குடுத்தேன். பேசலே. ரெண்டாவது டம்ளரும் குடுத்தேன்.

இதோட ஒரு பொட்டலம் வரும். அந்தப் போட்டோவுல நீ கட்டியிருந்த பச்சைப் பட்டு. ராசிபுரத்து நெசவு, உன் மாமன் எடுத்துக் குடுத்த சீர்ச்சேலை. பொட்டியில வெச்சு வருசா வருசம் வெயில்ல காட்டினேன். உன்னைக் கீழ தள்ளினது இந்தச் சேலைதான், தூக்கி உடறதும் இதுவாவே இருக்கட்டும். ஆடறதுக்குத் தக்கன வெட்டித் தைச்சுக்கோ. மாமன் சேலையில கத்திரி வெக்கலாமான்னு உங்கம்மா கேப்பா. நான் வெக்கச் சொன்னேன்னு சொல்லு. உன் மாமனையும் கேட்டுட்டேன். ஆமா, இந்தத் தடவை கேட்டேன்.

அம்மாயி


நாகோயா
4.3.2025

அம்மாயி,

நூத்தி அறுபத்து மூணு பேர் வந்தாங்க. வாசல்ல நானே எண்ணினேன். ஹால் நிறையலை. பின்னாடி கொஞ்சம் இடம் காலியா இருந்தது. ஆனா காலி இடத்தைப் பார்த்து எனக்குப் பயமா இல்லை.

சேலையை வெட்டறப்போ அம்மா அழுதாங்க, அப்புறம் அவங்களே தைச்சாங்க. சரிகைக் கரை பாவாடை ஓரத்துல வந்தது. மேடை விளக்கு பட்டதும் கீழே யாரோ "அந்தப் போட்டோச் சேலை!"ன்னு சொன்னது எனக்கே கேட்டது.

ரெண்டாவது பாட்டுல ஒலிப்பெட்டி நின்னு போச்சு. வாடகைச் சாமான், பழசு. நான் நிறுத்தலை. இசை இல்லாமப் பாடினேன், கால் சத்தம்தான் தாளம். மூணு நிமிஷம் கழிச்சு ஒலி வந்தப்போ நான் சரியா அதே வரியில இருந்தேன்.

கடைசிப் பாட்டு நானே எழுதினது, ஒரு வாரம் முன்னாடியே யூடியூப்ல போட்டுட்டேன். அதில இடைவெளி வெச்சிருந்தேன், நாலு நொடி. வைக்கலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசம் யோசிச்சேன். மறுபடியும் அமைதியா இருந்துட்டா? இடைவெளி வந்தது. கண்ணை மூடலை. முன்வரிசையில பதினேழு பச்சை விளக்கு மேலே போச்சு. அதுக்குப் பின்னாடி இன்னும், இன்னும். "தனா! தனா!"ன்னு கத்தினாங்க. சுவர் அதிர்ந்தது அம்மாயி.

அந்தப் பாட்டுல ரெண்டாவது இடைவெளி ஒண்ணு உண்டு. அதுக்கும் என் பேரைத்தான் கத்துவாங்கன்னு நினைச்சேன். ஒகாபே ஐயா கையைத் தூக்கினார். பதினேழு பேரும் முன்னாடியே பேசி வெச்சிருக்காங்க போல. ஒரே குரல்ல "அத்தாயி!"ன்னு கத்தினாங்க.

அடுத்த வரியை நான் பாடலை. அவங்களே பாடினாங்க.

ஏப்ரல் கடைசியில அடுத்த நிகழ்ச்சி. ஒசாகாவில. முந்நூறு பேர் ஹால்.

உங்க தனா


புதுச்சத்திரம்
22.3.2025

அம்மணி,

படிச்சேன். மணிமாறன் வீடியோவும் காட்டினான். ரெண்டாவது பாட்டுல எடது காலை மெதுவா வெச்சே. முட்டி இன்னும் வலிக்குதுன்னு தெரியுது. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய். எங்கிட்ட மறைக்காதே.

வைகாசியில மணிமாறனுக்கும் அறிவுச்செல்விக்கும் கல்யாணம். அந்தப் புள்ளை எங்கிட்ட வந்து, "அப்பாயி, நான் மொதல்லயே சொல்லியிருக்கோணும்"ன்னா. அது ஒண்ணு கணக்குல இருந்து தீர்ந்துது. சீர்த்தட்டம் தூக்க நீ வருவியான்னு அவ கேக்கச் சொன்னா. வர முடியுமான்னுதான் கேக்கறேன். வந்துதான் ஆகோணும்னு சொல்லலே.

அக்டோபர்ல நீ காயிதத்தைப் பாத்துப் படிச்சதை நான் மறக்கலே. மறக்கவும் மாட்டேன், எனக்கு அது வராது. அதுக்குப் பக்கத்துலயே டிசம்பர்ல மைக் இல்லாமப் பேசினதையும் வெச்சிருக்கறேன். ரெண்டும் இருக்கட்டும்.

அப்பறம் ஒண்ணு. எங்கம்மா போயி முப்பத்தொரு வருசம் ஆகுது. அதுக்கப்பறம் ரேசன் கடைக்காரனைத் தவிர என்னைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லே. அம்மா, அத்தை, ஆத்தா, அப்பாயி, அம்மாயி, இப்படியே போச்சு. வீடியோவுல எம் பேரைக் கத்தற எடத்தை மட்டும் மணிமாறனை ஏழு தடவை போடச் சொல்லிக் கேட்டேன்.

வயசுல பெரியவளைப் பேர் சொல்லிக் கத்தியிருக்கறாங்க. அந்தப் பதினேழு பேர்கிட்டயும் நான் சொன்னேன்னு சொல்லு. ஒசாகாவுக்கும் வந்து கத்தச் சொல்லு. ஒருத்தர் கொறைஞ்சாலும் யாருன்னு எனக்குத் தெரியும்.

அத்தாயி